கபச்சுரப்பியின் கதை

இலங்கையிலே தமிழில் உயிரியல் கற்கும் மாணாக்கர் ‘கபச்சுரப்பி’ என்றொரு சொல்லைத் தம் பாடநூல்களிற் காண்பர். மூளையின் அடிப்புறத்திலே, மூக்கின் வேருக்கு நேர் பின்னே, எலும்பிலமைந்த சிறு குழியொன்றினுள் ஒரு கடலையளவினதாய்த் தொங்கும் சுரப்பியின் பெயர் அது. அக்குழி குதிரைச் சேணத்தின் வடிவை ஒத்திருத்தலின் மேனாட்டு வைத்தியர் அதற்குத் துருக்கிச் சேணம் என்று பெயரிட்டனர். சுரப்பியின் நிறை ஏறக்குறைய அரைக் கிராம். இத்துணைச் சிறிய உறுப்பே உடலின் வளர்ச்சியையும், தாயின் பாற்சுரப்பையும், ஆணின் ஆண்மையையும் ஆள்கின்றது என்பர். ஆயின், கபத்திற்கும் இதற்கும் உள்ள உறவு யாது? உறவு எதுவுமில்லை. பெயரிலே தங்கியிருப்பது ஆயிரத்தெண்ணூறு ஆண்டுப் பழைமையான ஒரு பிழை.

கிறித்துவுக்குப் பின் இரண்டாம் நூற்றாண்டிலே உரோமாபுரியில் வைத்தியம் செய்த காலன் என்னும் கிரேக்கப் பேரறிஞர், உடலை ஆள்வன இரத்தம், கபம், மஞ்சட் பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு நீர்கள் என்ற கொள்கையுடையவர். வாதம், பித்தம், கபம் என்று எண்ணிப் பழகிய நம் நாட்டு வைத்திய மரபினருக்கு இது புதுமையாகத் தோன்றாது. மூளையிலே சேரும் கழிவுநீர் புனல் போன்ற ஒரு காம்பின் வழியே இறங்கி, இச்சுரப்பியை அடைந்து, எலும்பின் நுண்டுளைகளால் வடிந்து, மூக்கின் வழியே சளியாக வெளியேறுகின்றது என்று காலன் எழுதினார். 1543ஆம் ஆண்டிலே மனித உடலின் அமைப்பை விளக்கிப் பெருநூல் வெளியிட்ட வெசாலியசு, காலனின் பிழைகள் பலவற்றைத் திருத்தியவர். ஆயினும் இந்தப் பிழையைத் திருத்தாது, மூளையின் கபத்தை ஏற்கும் சுரப்பி என்றே அதனைக் குறித்தார். இலத்தீன் மொழியிற் கபத்தைக் குறிக்கும் சொல்லே ‘பிற்றியூற்றரி’ என்ற பெயருக்கு வேர்; அப்பெயரின் நேர் மொழிபெயர்ப்பே நம் கபச்சுரப்பி. 1660ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் விட்டன்பேர்க் நகரத்துப் பேராசிரியர் சினைடர், மூக்குச் சளி மூக்கின் உட்சவ்விலேயே சுரக்கின்றது என்றும், மூளையிலிருந்து அது வடிவதற்கு வழியே இல்லை என்றும் காட்டிவிட்டார். கொள்கை விழுந்தது, பெயர் நின்றது. தொழில் பறிபோன உத்தியோகத்தரைப் போல அச்சுரப்பி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வேலையெதுவும் இன்றிப் பெயரளவில் இருந்தது. அதன் உண்மைத் தொழிலை மனிதர் கண்டறிந்த வழி வேறொரு திசையிலிருந்து வந்தது.

ஆண்மை எங்கே உறைகின்றது என்னும் வினாவுக்கு உழவன் நெடுங்காலத்துக்கு முன்பே ஒரு விடை கண்டிருந்தான். காளைக்குக் காயடித்தால் அதன் மூர்க்கம் தணியும். திமிலும் கழுத்தும் பருமன் குன்றும். ஏருக்கும் வண்டிக்கும் அது இணங்கும். ஆகவே ஆண்மையின் இருப்பிடம் விதை என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. விதை எவ்வாறு தொலைவிலுள்ள கழுத்தையும் குரலையும் மூளையையும் மாற்றுகின்றது என்பதே விளங்காதிருந்தது. 1849ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்னோல்ட் பெர்தோல்ட் ஆறு சேவற்குஞ்சுகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். விதைகள் அகற்றப்பட்ட குஞ்சுகள் கொண்டை வெளுத்து, கூவாமல், சண்டையை நாடாமல் வளர்ந்தன. விதையை அதன் இடத்திலிருந்து பிரித்து வயிற்றறையிலே குடலோரம் ஒட்டவைத்த குஞ்சுகளோ சிவந்த கொண்டையும் உரத்த கூவலுமாய், மற்றச் சேவல்களோடு பொருதும் முழுச் சேவல்களாயின. அவற்றைப் பின்னர் அறுத்துப் பார்த்தபொழுது, இடம்பெயர்ந்த விதைக்குப் புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்திருந்தன. பழைய நரம்புத் தொடர்பு எதுவும் மீளவில்லை. எனவே விதை நரம்பினால் அன்றி இரத்தத்தின் வழியாகவே உடல் முழுவதையும் ஆள்கின்றது என்று பெர்தோல்ட் முடிவு கட்டினார். சில பக்கங்களே கொண்ட அந்தக் கட்டுரையை அரை நூற்றாண்டு காலம் எவரும் பொருட்படுத்தவில்லை.

பொருட்படுத்தப்பட்டது வேறொன்று. 1889ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் திகதி பாரிசு மாநகரத்து உயிரியற் கழகத்திலே எழுபத்திரண்டு வயதுப் பேராசிரியர் ஒருவர் எழுந்து, நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைகளை நீரிட்டு அரைத்து வடித்த சாற்றைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டதாகவும், இழந்த வலிமை மீண்டதாகவும், படிகளை முன்போல் விரைந்து ஏற முடிவதாகவும் அறிவித்தார். அவர் சாமானியர் அல்லர். இந்து சமுத்திரத்து மொரீசியசுத் தீவிலே பிறந்து, முண்ணாணைப் பற்றிய ஆராய்ச்சிகளால் உலகப் புகழ் பெற்ற பிரவுண் செக்கார் என்பவர் அவர். அத்தகையவர் சொன்ன சொல் வீண்போகுமா? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கானோர் அச்சாற்றை ஏற்றிக்கொண்டனர். புட்டிகளில் அடைத்து விற்போர் செழித்தனர். 1920ஆம் ஆண்டளவில் வொரனொவ் என்னும் சத்திரவைத்தியர் குரங்கின் விதைத் துண்டுகளைச் செல்வர் உடலிற் பொருத்தும் அளவிற்கு அப்பித்து முற்றியது. விதையிலுள்ள சத்தோ நீரிற் கரைவது அரிது. விதை அதனைச் சேமித்து வைப்பதுமில்லை. 2002ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலிய ஆய்வாளர் பிரவுண் செக்காரின் முறைப்படியே சாறு வடித்து அளந்து பார்த்து, பயன் விளைக்கக்கூடிய அளவிலே ஓமோன் அதில் இல்லை என்று கண்டனர். முதியவரைப் படியேற்றியது அவரது நம்பிக்கையே. இன்றும் பத்திரிகையின் கடைசிப் பக்கத்திலே ஆண்மைக் குறைவுக்கு மருந்து விற்போரின் முதல் மூலதனம் அந்த நம்பிக்கைதான்.

இவ்வாறு உலகம் விதையையே நோக்கியிருக்க, வேலையற்றுக் கிடந்த கபச்சுரப்பி மெல்ல மெல்ல வைத்தியரின் கவனத்திற்கு வந்தது. 1901ஆம் ஆண்டில் வியன்னாவைச் சேர்ந்த பிரோலிச், உடல் கொழுத்து, பிறப்புறுப்புக்கள் வளராதிருந்த சிறுவனொருவனைப் பற்றி எழுதினார். அச்சிறுவனுக்குக் கபச்சுரப்பியின் பக்கத்திலே கட்டி இருந்தது. 1910ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரத்திலே ஹாவி குஷிங்கும் அவர்தம் துணைவரும் நாய்களின் கபச்சுரப்பியை வெட்டியெடுத்து, பெருஞ்சேதம் எதுவும் செய்யப்படாத பிறப்புறுப்புக்கள் சுருங்குவதைக் கண்டனர். ஆயினும் எதிர்ப்பு எழுந்தது. மேலிருந்து மூளையை விலக்கிக்கொண்டு வெட்டும்போது மூளைக்கு நேர்ந்த ஊறே அச்சுருக்கத்திற்குக் காரணமாகலாம் அன்றோ?

இந்த வழக்கைத் தீர்த்தவர் பிலிப் ஸ்மித் என்னும் அமெரிக்கர். எலியின் கழுத்தின் வழியாகக் கீழிருந்து நுழைந்து, மூளையைத் தொடாமல், கபச்சுரப்பியை மாத்திரம் உறிஞ்சியெடுக்கும் நுண்ணிய சத்திரமுறையொன்றினை அவர் அமைத்தார். 1927ஆம் ஆண்டிலும் 1930ஆம் ஆண்டிலும் அவர் வெளியிட்ட முடிவுகள் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. சுரப்பி நீங்கிய எலியின் வளர்ச்சி நின்றது, விதைகள் சுருங்கின, விந்து உண்டாதல் ஒழிந்தது. வேறோர் எலியின் புதிய கபச்சுரப்பித் துண்டை நாடோறும் அதன் உடலில் வைத்துவர, விதைகள் மறுபடி வளர்ந்தன. அரசன் என்று எண்ணியிருந்த விதை, மேலிருந்து கட்டளை வாராவிடின் செயலற்றுப் போகும் ஒரு சிற்றரசனே என்பது தெளிவாயிற்று.

அக்கட்டளை ஒன்றன்று, இரண்டு. பேர்லினிலே சொண்டெக் என்பார் பெண்ணெலிகளிற் செய்த சோதனைகளால் இதனை உய்த்துணர்ந்தார். 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்தபின் யூதரான அவர் நாடு நீங்கி, ஈற்றில் யெருசலேமில் தம் பணியைத் தொடர நேர்ந்தது. 1931ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தார் அவ்விரண்டினையும் பிரித்துக் காட்டினர். ஒன்று லூற்றீனாக்கும் ஓமோன். மற்றையது புடைப்பு தூண்டும் ஓமோன். இரு பெயர்களும் பெண்ணின் சூலகத்தை நோக்கி இடப்பட்டவை. ஆணின் உடலிலும் அவையே தொழிற்படுகின்றன என்பது பின்னர் அறியப்பட்டமையால் பெயர் பொருந்தாமலே நிலைத்துவிட்டது. கபச்சுரப்பியின் வாழ்விலே பெயர்கள் ஒருபொழுதும் ஒழுங்காக அமைந்ததில்லை போலும். ஆணிலே லூற்றீனாக்கும் ஓமோன், 1850ஆம் ஆண்டில் லைடிக் கண்ட கலங்களைத் தூண்டி, ஆண்மைக்குரிய ஓமோனைச் சுரக்கச் செய்கின்றது. புடைப்பு தூண்டும் ஓமோன், 1865ஆம் ஆண்டிலே இத்தாலியரான சேர்ட்டோலி தம் இளவயதிற் கண்ட கலங்களிலே தொழிற்பட்டு, அவற்றின் மடியில் வளரும் விந்துக்களைப் பேணுகின்றது.

இனி இவ்வரலாற்றின் நடுப்பகுதிக்கு வருவோம். இப்பகுதியை அறியாமையால் இந்நாளிலும் பலர் கெடுகின்றனர்.

சிக்காகோ நகரம் அக்காலத்திலே அமெரிக்காவின் பெரும் இறைச்சிச் சந்தை. கொல்லப்பட்ட காளைகளின் விதைகள் அங்கே குவிந்து கிடக்கும். 1927ஆம் ஆண்டிலே அந்நகரத்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கொக்கும் அவர் மாணாக்கர் மக்கீயும் 40 இறாத்தல் விதையிலிருந்து 20 மில்லிகிராம் வீரியமுள்ள சத்தை வடித்தெடுத்தனர். நீரை விட்டுக் கொழுப்பைக் கரைக்கும் திரவங்களைக் கையாண்டமையே அவர் வெற்றியின் இரகசியம். காயடித்த சேவலுக்கு அதனை ஏற்றக் கொண்டை சிவந்து வளர்ந்தது. அதே பல்கலைக்கழகத்திலே காள் மூர் என்பவரும் டொரதி பிறைசு என்னும் பெண்மணியும் அச்சத்தை எலிகளுக்கு ஏற்றி ஆராய்ந்தனர். காயடித்த எலியிலே எதிர்பார்த்தபடியே சுருங்கிய துணைச் சுரப்பிகள் வளர்ந்தன. காயடிக்காத, முழு ஆணான எலிக்கு அதனை ஏற்றினால் ஆண்மை இருமடங்காகும் என்று எவரும் எண்ணுவர். நடந்தது வேறு. அந்த எலிகளின் விதைகள் சுருங்கிப் போயின.

ஆண்மையின் சத்தே விதையை அழிக்குமா? பல நாள் விளங்காதிருந்த இப்புதிரை அவிழ்த்தவர்கள் கபச்சுரப்பியை நோக்கினர். விதையை வளர்ப்பது கபச்சுரப்பியின் கட்டளை. விதை தன் கடமையைச் செய்கின்றது என்பதற்குச் சான்று இரத்தத்திலே ஓடும் அதன் ஓமோன். அந்த ஓமோன் மிகுந்தால், வேலை நடைபெறுகின்றது என்று கபச்சுரப்பி எண்ணித் தன் கட்டளையைக் குறைக்கும். குறைந்தால் கட்டளையைக் கூட்டும். வெளியிலிருந்து ஏற்றப்பட்ட ஓமோன் பொய்ச்சான்று உரைக்கின்றது. அதனை நம்பிக் கபச்சுரப்பி அடங்க, கட்டளை பெறாத விதை வாடுகின்றது. இது மெய்யாயின், கபச்சுரப்பியின் சாற்றையும் உடன் ஏற்றினால் விதை வாடலாகாது. அவ்வாறே செய்து பார்த்தனர், விதை வாடவில்லை. 1932ஆம் ஆண்டிலே மூரும் பிறைசும் வெளியிட்ட இவ்வுண்மை, கிணற்றடித் துலாவைப் போன்றது. ஒரு தலை தாழ மறுதலை உயரும்.

மூன்று ஆண்டுகளில், 1935ஆம் ஆண்டிலே, அம்ஸ்ரர்டாம் நகரத்து லக்கேர் குழுவினர் காளை விதையிலிருந்து அந்த ஓமோனைத் தூய பளிங்காகப் பிரித்து ‘தெஸ்தொஸ்தெரோன்’ என்று பெயரிட்டனர். அதே ஆண்டிலே புற்றனான்டும் உருசிக்காவும் தனித்தனியே அதனைச் செயற்கையாக ஆக்கினர். அவ்விருவருக்கும் 1939ஆம் ஆண்டின் இரசாயன நொபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஜேர்மனிய அரசின் நிர்ப்பந்தத்தால் புற்றனான்ட் அதனை மறுக்க வேண்டியவரானார். மருந்து மலிந்தது. உடல் வலிமை தேடும் இளைஞர் அதனையும் அதன் இனமான மருந்துகளையும் களவாகப் பெற்று ஏற்றிக்கொள்ளும் வழக்கம் உலகெங்கும் பரவியது. தோளும் மார்பும் திரளும். விதைகளோ சிக்காகோ எலிகளின் விதைகளைப் போலவே சுருங்கும். விந்து உண்டாவதற்கு விதையினுள்ளே இரத்தத்திலுள்ளதனிலும் பன்மடங்கு மிகுந்த ஓமோன் வேண்டும். ஊசியினால் ஏற்றுவது அவ்வளவை அங்கே தரமாட்டாது. ஒரு விந்து முதிர்வதற்கு ஏறத்தாழ எழுபது நாட்களுக்கு மேல் செல்லும் ஆதலால், ஊசியை நிறுத்திய பின்னும் மீட்சிக்கு மாதங்கள் பல கழியும். சிலருக்கு ஆண்டுகளும் ஆகும். இவ்விளைவு எத்துணை உறுதியானது எனில், உலக சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, வாரந்தோறும் ஏற்றப்படும் தெஸ்தொஸ்தெரோன் ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகவே சோதிக்கப்பட்டது. பிள்ளை வேண்டிய ஒருவர், ஆண்மை பெருகட்டும் என்று அதே மருந்தை நாடுவதை என்னென்பது? அந்த வீட்டிலே குற்றம் பெரும்பாலும் மனைவியின் தலையிலே சுமத்தப்படும். கோயிலுக்கு நேர்த்தி வைப்பவளும், அயலாரின் சொல்லைப் பொறுப்பவளும் அவளே.

கட்டளையிடும் கபச்சுரப்பிக்குக் கட்டளையிடுபவர் யார் என்ற வினா அடுத்து எழுந்தது. கவலையும் பட்டினியும் இனப்பெருக்கத்தைத் தடுப்பதும், சில பிராணிகள் பகற்பொழுதின் நீளத்திற்கேற்பப் பருவமடைவதும் மூளையின் ஆட்சியைக் காட்டின. ஆனால் மூளையிலிருந்து கபச்சுரப்பியின் முற்பகுதிக்குச் செல்லும் நரம்புகள் காணப்படவில்லை. சுரப்பியின் காம்பிலே, காலன் சளி வடிவதாக எண்ணிய அதே காம்பிலே, நுண்ணிய இரத்தக் குழாய்கள் உள்ளன. மூளையின் அடிப்பகுதியாகிய பரிவகக்கீழில் உண்டாகும் இரசாயனத் தூதுகள் அக்குழாய்களின் வழியே கீழிறங்குகின்றன என்று இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெப்ரி ஹரிசு வாதிட்டார். கபச்சுரப்பியை அதன் இடத்தினின்றும் பெயர்த்து மூளையின் வேறொரு பக்கத்தில் வைத்தால் அது செயலற்றுப்போவதையும், பரிவகக்கீழின் அடியிலே அக்குழாய்களைத் தொட வைத்தால் மீண்டும் செயற்படுவதையும் 1952ஆம் ஆண்டில் அவரும் யாக்கொப்சன் அம்மையாரும் காட்டினர். சளி வடியவில்லை எனினும் மூளையிலிருந்து ஏதோவொன்று அக்காம்பின் வழியே இறங்கவே செய்தது. அவ்வளவிற்குக் காலன் சொன்னதிலும் சிறிது மெய் உண்டு.

அத்தூது யாது என்பதைக் கண்டறிய இருபதாண்டுகள் சென்றன. கில்லமின், சாலி என்னும் இருவர், ஒருகாலத்தில் ஒன்றாய்ப் பணிசெய்து பின்னர்க் கடும் போட்டியாளராகி, ஒருவர் ஆடுகளின் மூளையையும் மற்றவர் பன்றிகளின் மூளையையும் வண்டிவண்டியாகச் சேர்த்து அரைத்தனர். ஒரு இலட்சத்து அறுபதினாயிரத்திற்கு மேற்பட்ட பன்றிகளின் பரிவகக்கீழிலிருந்து கிட்டியது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான தூய பொருள். 1971ஆம் ஆண்டிலே சாலியின் குழுவினர் அதன் அமைப்பை வெளியிட்டனர். பத்தே அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. ஹரிசு அதே ஆண்டின் இறுதியிலே காலமானார். 1977ஆம் ஆண்டில் நொபெல் பரிசு மற்றை இருவருக்கும் கிடைத்தது.

வியப்பு இன்னும் முடியவில்லை. அச்சங்கிலியைச் செயற்கையாக ஆக்கி, இடைவிடாது உடலிற் செலுத்தினால் கபச்சுரப்பி மேலும் மேலும் சுரக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். சில நாளிலே அது அடங்கிவிட்டது. பிற்ஸ்பேர்க் நகரத்திலே நோபில் என்பவரின் குழுவினர், பரிவகக்கீழ் சிதைக்கப்பட்ட குரங்குகளுக்கு அத்தூதை மணிக்கொருமுறை ஆறு நிமிடம் மாத்திரம் செலுத்தி, 1978ஆம் ஆண்டிலே கபச்சுரப்பியை உயிர்ப்பித்துக் காட்டினர். தூதின் பொருளைப் போலவே அதன் தாளமும் இன்றியமையாதது. கதவை விட்டுவிட்டுத் தட்டுபவருக்கு வீட்டார் திறப்பர்; ஓயாது இடிப்பவருக்குச் செவியை மூடிக்கொள்வர். இந்த அடங்கும் இயல்பையே வைத்தியர் பின்னர்ப் பயன்படுத்தி, தெஸ்தொஸ்தெரோனால் வளரும் முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோய்க்கு நீடித்துச் செயற்படும் மருந்துகளை அமைத்தனர்.

தாளத்தைக் கபச்சுரப்பி எவ்வாறு கேட்கின்றது? இங்கேதான் வரலாறு பரம்பரையலகுகளின் உலகிற் புகுகின்றது. லூற்றீனாக்கும் ஓமோனும் புடைப்பு தூண்டும் ஓமோனும் ஒவ்வொன்றும் இரண்டு புரத இழைகள் இணைந்தவை. அவற்றுள் ஓரிழை இரண்டுக்கும் பொது. அதற்குரிய பரம்பரையலகு மனிதனின் ஆறாம் நிறமூர்த்தத்தில் உள்ளது. மற்றை இழையே அவ்வவ்வோமோனுக்குத் தனித்தன்மையைத் தருகின்றது. லூற்றீனாக்கும் ஓமோனுக்குரியது பத்தொன்பதாம் நிறமூர்த்தத்திலும், புடைப்பு தூண்டும் ஓமோனுக்குரியது பதினோராம் நிறமூர்த்தத்திலும் இருக்கின்றன. ஒவ்வொரு பரம்பரையலகின் முன்னும், எழுதப்பட்ட ஏட்டின் முகப்பைப் போல, ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி உண்டு. மூளையின் தூது கலத்தின் மேலே வந்து தட்டியவுடன் உள்ளே ‘ஈ.ஜீ.ஆர்.1’ என்னும் புரதம் விரைந்து உண்டாகி, லூற்றீனாக்கும் ஓமோனின் பரம்பரையலகு முகப்பிலே வேறு புரதங்களோடு சேர்ந்து அமர்ந்து, அந்த ஏட்டைப் படிக்கச் செய்கின்றது. சற்று நேரத்திலே அப்புரதம் அழிந்துபோகும். மறுபடி தட்டினாலே மறுபடி உண்டாகும். தட்டல் விரைந்து வருமாயின் லூற்றீனாக்கும் ஓமோனின் ஏடு மிகுதியாகப் படிக்கப்படுகின்றது. மந்தமாக வருமாயின் புடைப்பு தூண்டும் ஓமோனின் ஏடு முந்துகின்றது. ஒரே தூதைக் கொண்டு, தாளத்தை மாற்றி, மூளை இரண்டு கட்டளைகளையும் வேண்டியவாறு கூட்டிக் குறைக்கின்றது.

1996ஆம் ஆண்டிலே ‘ஈ.ஜீ.ஆர்.1’ இல்லாத சுண்டெலிகள் உண்டாக்கப்பட்டன. பெண்ணெலிகள் லூற்றீனாக்கும் ஓமோன் இன்றி மலடாயின, ஆணெலிகளோ தப்பிக்கொண்டன. காரணம் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அப்புரதத்தின் உறவினமான வேறொன்று ஆணெலிகளில் அதன் வேலையைத் தாங்கிக்கொண்டது. இரண்டும் இல்லாத ஆணெலிகளிலே ஓமோன் குன்றிற்று. ஆணின் இனப்பெருக்கத்திற்கு இயற்கை ஒரு மாற்றுச்சாவியை வைத்திருந்தது என்க.

ஏட்டிலே ஓரெழுத்துப் பிழைத்தால் நேர்வதையும் வைத்தியர் கண்டனர். 1992ஆம் ஆண்டிலே அமெரிக்க வைத்தியர் வெளியிட்ட அறிக்கையொன்றிலே, பருவ வயது கடந்தும் ஆண்மைக் குறிகள் தோன்றாத ஒருவரின் வரலாறு உள்ளது. அவருடைய இரத்தத்தில் லூற்றீனாக்கும் ஓமோன் குறைவாக இல்லை. இயல்பிலும் மிகுந்தே இருந்தது. ஆராய்ந்தபொழுது அதன் பரம்பரையலகிலே ஓரெழுத்து மாறி, அதனால் ஓரிடத்து அமினோ அமிலம் மாறியிருக்கக் காணப்பட்டது. அவ்வோமோன் அளவுகோலுக்கு ஓமோனாகத் தோன்றியது. விதையின் கலங்களோ அதனை அறிந்துகொள்ளவில்லை. பிழையற்ற ஓமோனை வெளியிலிருந்து ஏற்றியவிடத்து அவர் விதைகள் கடமையைச் செய்தன. விதை குற்றமற்றது, கட்டளையே பிழைத்தது.

இதனினும் மனத்தைக் கவர்வது ஆங்கில நாட்டு ஹாவெல் ஆய்வுக்கூடத்திலே தற்செயலாய்த் தோன்றிய ஒருவகைச் சுண்டெலியின் கதை. 1977ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட அந்த எலிகளின் விதைகள் பிறந்தநாள் முதலே வளரவில்லை. மூளையில் அப்பத்து அமினோ அமிலத் தூது இல்லாமையே காரணம். 1982ஆம் ஆண்டிலே டொரதி கிரீகர் அம்மையாரும் துணைவரும் இயல்பான எலிக்கருவின் மூளைத் துண்டொன்றை அத்தகைய வளர்ந்த ஆணெலிகளின் மூளையிற் பதித்தனர். விதைகள் வளரத் தொடங்கின. 1986ஆம் ஆண்டிலே மேசன் முதலியோர், அத்தூதுக்குரிய பரம்பரையலகின் பெரும்பகுதி அவ்வெலிகளில் அறுந்துபோயிருத்தலைக் கண்டு, முழுப் பரம்பரையலகை எலியின் கருவிலே சேர்த்தனர். மலட்டு இனமாயிருந்த எலிகள் குட்டிகளுக்குத் தந்தையும் தாயும் ஆயின.

மனிதரிலும் அத்தூது இல்லாதோர் உளர். 1856ஆம் ஆண்டிலே ஸ்பெயின் நாட்டு வைத்தியர் ஒருவர் இறந்த ஆடவர் ஒருவரின் உடலை ஆராய்ந்து, விதைகள் மிகச் சிறியனவாயிருத்தலையும், மூளையிலே மணத்தை அறியும் பகுதிகள் அறவே இல்லாதிருத்தலையும் கண்டு எழுதிவைத்தார். 1944ஆம் ஆண்டிலே கால்மன் என்பவர், சில குடும்பங்களிலே பருவமடையாமையும் மணமறியாமையும் சேர்ந்தே வழிவழி வருவதைக் காட்டினார். மூக்குக்கும் ஆண்மைக்கும் என்ன உறவு? 1989ஆம் ஆண்டிலே விடை கிடைத்தது. மூளையின் தூதைச் சுரக்கும் நரம்புக் கலங்கள் மூளையிற் பிறப்பவை அல்ல. கருவிலிருக்கும் சிசுவின் மூக்கு உருவாகும் இடத்திலே பிறந்து, மண நரம்புகளின் வழியே ஏறி, மூளைக்குட் புகுந்து, பரிவகக்கீழை அடைந்து அங்கே குடியேறுகின்றன. அந்நரம்புகளின் வழி அமையாவிடின் அக்கலங்கள் வழியிலேயே தங்கிவிடும். கபச்சுரப்பி தூதுக்காகக் காத்தே கிடக்கும். அவ்வழியை அமைக்க வேண்டிய பரம்பரையலகுகளுள் ஒன்று 1991ஆம் ஆண்டிலே ‘எக்ஸ்’ நிறமூர்த்தத்திற் கண்டுபிடிக்கப்பட்டது. தாயர் வழியே மைந்தருக்கு அக்குறை வருவதன் காரணமும் அதனால் விளங்கியது. மூளையிலிருந்து மூக்குக்கு ஏதோ இறங்குகின்றது என்றார் காலன். மூக்கிலிருந்து மூளைக்கு ஏறுகின்றது என்று பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னே தெரியவந்தது.

இத்தகையோருக்கு வைத்தியம் உண்டு. 1982ஆம் ஆண்டிலே பொஸ்ரன் நகரத்து வைத்தியரான ஹொவ்மனும் குரோலியும், தூது அற்ற ஆடவருக்குச் சிறு இயந்திரமொன்றினால் இரண்டு மணிக்கொருமுறை அத்தூதைத் தோலின் கீழே செலுத்தி, பருவம் மலரச் செய்தனர். கபச்சுரப்பி விழித்தது, விதைகள் வளர்ந்தன, விந்தும் உண்டாயிற்று. தெஸ்தொஸ்தெரோன் மாத்திரம் கொடுத்திருப்பின் மீசை வந்திருக்கும், மகவு வந்திராது. கபச்சுரப்பியின் ஓமோன்களையே ஊசியால் ஏற்றும் முறையும் உண்டு. எந்த வழியாயினும் நோயை முதலில் இனங்காண வேண்டும். அதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. பதினெட்டு வயதாகியும் குரல் உடையாத, மீசை அரும்பாத இளைஞன் ஒருவன் வைத்தியரிடம் வந்தால், அவர் கேட்கவேண்டிய வினாக்களுள் ஒன்று மிக எளியது: முற்றத்து மல்லிகை பூத்தால் உனக்கு மணக்கின்றதா?